லேஞ்சி போட்ட இடம்

கிளெமென்ற் லேஞ்சி போட்ட சீற்றில் வேறொருவர் இருந்ததாக இந்த நாட்டின் எந்த ரயில் பாதையிலும் ஒரு சம்பவமும் கிடையாது. கோட்டை ஸ்டேஷனில் ரயில் இன்னும் நிற்காமல் உருண்டுகொண்டிருக்கும், சனம் பெட்டியும் சட்டியுமாகக் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். கிளெமென்ற் யன்னலுக்குள்ளால் கையை நீட்டி, முகம் துடைக்கும், நீலக்கரை போட்ட வெள்ளை லேஞ்சி ஒன்றை மூலைச் சீற்றில் போடுவார். பிறகு ஆறுதலாக ஒரு பிளேன்ரீ குடித்து, பேப்பரும் வாங்கி, விசில் ஊதிய பிறகுதான் ஏறுவார். இடம் பிடிக்க லேஞ்சி போடாதவர் யார்? பேப்பர் போடுகிறார்கள், குடை போடுகிறார்கள், ஒற்றைச் செருப்பைப் போட்டுவிட்டு மற்றக் காலோடு நொண்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அவற்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சட்டமாகக் குந்திக்கொள்ளும் மகராசன்களும் இருக்கிறார்கள். கிளெமென்றின் லேஞ்சியில் அந்தப் பருப்பு வேகாது. குந்தப் போனவர் பாதி வளைந்ததும் தனக்குக் கீழே ஓர் ஆளின் முழங்கால்கள் இருப்பதை உணர்ந்து எழும்பி, "சொறி, ஆள் இருக்கிறது தெரியேல்ல" என்று லேஞ்சியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். 1981இல் பொல்காவலையில் ஏறிய ஒரு பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மாதம் பாண் விலையும் கூடியது.

கிளெமென்ற் கொட்டாஞ்சேனைக்காரர். புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் பலீல் ஹாஜியார் நடத்திய பொத்தான் கடையில் 1976இல் சேர்ந்தார். பொத்தான் மாதிரிகள் தைத்த அட்டைகளை மண்ணிறச் சூட்கேஸ் ஒன்றில் அடுக்கிக்கொண்டு ஊரூராகப் போய்த் தையல்காரர்களிடம் ஓடர் எடுப்பது வேலை. பதுளைக்கு ஒரு கிழமை, மட்டக்களப்புக்கு ஒரு கிழமை, யாழ்ப்பாணத்துக்கு ஒரு கிழமை, மிச்ச நாட்களில் மாத்தறை. நாற்பத்திரண்டு வருடம். சூட்கேஸ் நாலு மாறியது, ஆள் மாறவில்லை. ஒரு முறை ஹாஜியார் புத்தளம் போவதற்கு அந்த லேஞ்சிகளில் ஒன்றை இரவல் வாங்கிப் போனார். லேஞ்சி இடத்தைப் பிடித்தது, ஆனால் கிளெமென்றுக்காகப் பிடித்தது. புத்தளம் வரைக்கும் நின்றே போய் வந்த ஹாஜியார், "ஒங்கட லேஞ்சி என்னையே எழுப்பிப் போட்டுது கிளெமென்ற்" என்று திருப்பிக் கொடுத்தார். 1990இல் வடக்குப் பாதை வவுனியாவோடு நின்றபோது, யாழ்ப்பாண ஸ்டேஷனில் சனம் குந்தும் மர வாங்கு ஒன்றில் ஒரு லேஞ்சி அகப்பட்டுக்கொண்டது. ஸ்டேஷன் இடிந்தது, வாங்கு விறகாய்ப் போனது, லேஞ்சி என்ன ஆனதென்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். 2014இல் புது ஸ்டேஷன் கட்டி, புது வாங்கு போட்டு, ரயில் திரும்ப ஓடியபோது அந்த வாங்கின் இடது மூலையில் மட்டும் ஒருவராலும் இருக்க முடியவில்லை. கிளெமென்ற் போய் அதில் இருந்து ஒரு சோடா குடித்துவிட்டு எழும்பிய பிறகு பிரச்சினை தீர்ந்தது.

கொன்ஸ்ரன்ஸை அவர் கட்டியதும் லேஞ்சியால்தான். 1977இல் ஒரு கலியாண வீட்டில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் லேஞ்சியைப் போட்டுவிட்டு, இரண்டு துண்டு கேக் எடுத்து வரப் போனவர் மணியைப் பார்த்தார்; மட்டக்களப்பு ரயிலுக்கு நேரமாகிவிட்டது; கேக்கோடு ஓடிவிட்டார். கொன்ஸ்ரன்ஸ் நல்ல குடும்பத்துப் பிள்ளை. லேஞ்சியைக் கழுவி மடித்து, தேடி வருவார் என்று தன் வீட்டு விறாந்தையில், தான் வழக்கமாக இருக்கும் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். அடுத்த மூன்று மாதத்தில் அவளைப் பார்க்க மூன்று மாப்பிள்ளைகள் வந்தார்கள், ஒருவர் டொக்டர். மூவரும் அந்தக் கதிரையில் இருக்கப் போய், திடுக்கிட்டு எழும்பி, "ஆள் இருக்கெண்டு முதலிலேயே சொல்லியிருக்கலாம்" என்று மனவருத்தத்தோடு போனார்கள். கிளெமென்ற் லேஞ்சியை வாங்கிப் போக வந்தபோது கொன்ஸ்ரன்ஸின் தகப்பன் அவரை வாசலிலேயே மறித்துக் கலியாணத் திகதியைக் கேட்டார். அந்த டொக்டர் இப்போது லண்டனில் இருப்பதாக கொன்ஸ்ரன்ஸ் வருடத்துக்கு இரண்டு தரமாவது ஞாபகப்படுத்துவாள்.

கலியாணம் முடிந்த முதல் வருடமே முறைப்பாடு வந்தது. மாதத்தில் இருபது நாள் கிளெமென்ற் வீட்டில் இல்லை. சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் இருந்த அவருடைய கதிரையில் வருகிற போகிற சொந்தக்காரர் எல்லாம் குந்தினார்கள். "புருசன் இருக்கிற இடத்தில கண்டவனும் இருந்து காலாட்டுறான்" என்று கொன்ஸ்ரன்ஸ் கண் கலங்கினாள். கிளெமென்றுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. கதிரையில் ஒரு லேஞ்சி, கட்டிலில் தன் பக்கத்தில் ஒன்று, மாதா கோயிலில் அவளுக்குப் பக்கத்து வாங்கில் ஒன்று என்று போட்டுவிட்டுப் பதுளைக்குப் போனார். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்தால் லேஞ்சியை எடுத்து மடித்துவிட்டு இருப்பார். போகப் போக மடிக்கவும் நேரமில்லை. குசினி வாசலில் நின்றபடி நாலு வாய் தின்றுவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடுவார். அப்படியென்றால் பிள்ளை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: 1980இல் ரயில் ஸ்ட்ரைக் நடந்தது, 1981இல் ரொஷேல் பிறந்தாள்.

ரொஷேல் நடை பழகியது அந்தக் கதிரையின் கண்ணுக்குத் தெரியாத முழங்கால்களைப் பிடித்துக்கொண்டுதான். கொன்ஸ்ரன்ஸ் சனிக்கிழமைகளில் லேஞ்சியைக் கழுவி, கஞ்சி போட்டு, கொடியில் காயவிடுவாள். அது காயும் நேரத்திலும் கதிரையில் ஆள் இருந்தது. அந்த ஆளுக்கும் பீங்கான் வைத்து, கறி கேட்டுக் கேட்டு ஊற்றி, தெருவில் யாருக்கு என்ன நடந்தது என்று கதையும் சொல்லுவாள். பீங்கான் காலியாகத்தான் குசினிக்குத் திரும்பியது. வீட்டுப் பூனை கொழுத்திருந்தது உண்மை. ஆனால் பூனை பருப்புத் தின்னாது. ஆறு வயதில் ரொஷேல் ஒரு நாள் தாயிடம், "மம்மி, டடா வந்தா எங்க இருப்பார்?" என்று கேட்டாள். குழந்தைப் பேச்சு என்று அதை யாரும் காதில் போடவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கிளெமென்ற் பண்டாரவளையில் ஒரு தையல்காரரின் பின்னறைக்குள் ஒன்பது நாள் ஒளிந்திருந்தார். கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் தடிகளோடு நாலு பேர் வந்தார்கள். வந்தவர்கள் மேசையின் தலைப்பக்கம் பார்த்து, வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று கண்டு, சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு, கதவையும் சாத்திவிட்டுப் போனார்கள். மேசைக்குக் கீழே பிள்ளையின் வாயைப் பொத்தியபடி கிடந்த கொன்ஸ்ரன்ஸ் அதைத் தன் காதால் கேட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியில் கால் துண்டு லேஞ்சியின் பீங்கானுக்குத்தான் போனது.

2018இல், ஹாஜியார் மௌத்தாகி இரண்டு வருடத்துக்குப் பிறகு, மகன் ஸியாம் பொத்தான்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் தையல்காரர்களுக்கு அனுப்பத் தொடங்கினான். படத்துக்கு சீற் தேவையில்லை. கடையில் கேக் வெட்டி, சுவர் மணிக்கூடு ஒன்றைக் கையில் கொடுத்து, கிளெமென்றை அனுப்பிவைத்தார்கள். அவருக்குக் கவலையில்லை, சத்தியமாகச் சந்தோஷம்தான். இனி வீட்டில் இருக்கலாம், சுடச்சுடச் சாப்பிடலாம், கொன்ஸ்ரன்ஸோடு கதைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே மனக்கோட்டை கட்டிக்கொண்டு வந்தார். சூட்கேசை அலுமாரிக்கு மேல் ஏற்றினார். கை கழுவினார். கதிரையில் இருந்த லேஞ்சியை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் குந்தினார். கீழே இரண்டு முழங்கால்கள் இருந்தன.

"சொறி" என்று எழும்பிவிட்டார், வாய்ப்பழக்கம்.

"அதில ஆள் இருக்கு, தெரியாதே?" என்றாள் கொன்ஸ்ரன்ஸ், கறியைக் கிண்டியபடி, தலையைத் திருப்பாமல்.

யாழ்ப்பாண வாங்கு இருபத்துநாலு வருடம் காத்திருந்து விட்டுக்கொடுத்ததே, இது ஏன் விடவில்லை என்று கேட்கலாம். அங்கே அதற்கு ஒருவரும் சோறு போடவில்லை, ஊர்க்கதை சொல்லவில்லை. இது நாற்பது வருடம் குடும்பம் நடத்திய லேஞ்சி. கிளெமென்ற் கதிரையை முற்றத்துக்குத் தூக்கிப் போனார். ஆள் மேசையடியிலேயே இருந்தார். அந்த இடத்தில் வேறு கதிரை வைத்துப் பார்த்தார், அதிலும் முழங்கால். கட்டிலிலும் அதே கதை, கோயில் வாங்கிலும் அதே கதை. கடைசியில் புறக்கோட்டையில் நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று வாங்கி வந்து விறாந்தையோரம் போட்டுக்கொண்டார். அதில் இருக்க முடிந்தது. ஆனால் அதில் இருப்பவரை கொன்ஸ்ரன்ஸ் தன்னையறியாமல் விருந்தாளியாகவே நடத்தினாள். பூப்போட்ட கோப்பையில், கீழே சோசரும் வைத்துத் தேத்தண்ணி வந்தது, கூடவே பிஸ்கட். ஒரு நாள் வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு, "வீட்டில எல்லாரும் சுகம்தானே?" என்று கேட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிளெமென்ற் பங்குச் சுவாமியிடம் போனார். சுவாமி வீட்டுக்கு வந்து, கதிரைக்கும் ஒரு ஆசீர்வாதம் கொடுத்து, நன்றாக யோசித்து, கலியாணம் என்ற தேவதிரவிய அநுமானத்தில் பிழை ஒன்றும் இல்லை, கொன்ஸ்ரன்ஸ் கட்டிய மனுசனோடுதான் வாழ்கிறாள், ஆனால் நீங்கள் யார் என்பதுதான் கொஞ்சம் சிக்கல் என்றார். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரிடம் போனார். லோயர் கேட்டது ஒரே கேள்வி: எதிர்த்தரப்பு எத்தனை வருடம் தடங்கலில்லாமல் அந்த இடத்தில் இருக்கிறது?

"நாப்பது."

"சட்டப்படி பத்து வருசம் காணுமே, ஐயா" என்றார் லோயர், மிகவும் இரக்கத்தோடு.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் ரொஷேல் குடியிருந்தாள். "டடா, நீங்க எங்களோட வந்து இருங்கோ, மம்மி பாவம், அவவுக்கும் பழகிப்போச்சு" என்றாள். அவள் புருசன் அனுஜன் தன் சாய்மனைக் கதிரையையே விட்டுக்கொடுத்தான். அங்கே கிளெமென்ற் முன்பு ஒருபோதும் லேஞ்சி போட்டதில்லை என்பதால் எங்கும் தாராளமாக இருக்கலாம். இருந்து என்ன? யன்னலுக்குக் கீழே கடலோடு ஒட்டி ரயில் போகும் ஒவ்வொரு முறையும் கை தானாகச் சூட்கேசைத் தேடியது. நாற்பத்திரண்டு வருடம் கொன்ஸ்ரன்ஸ் இல்லாமல் ஊர் சுற்றியவருக்கு இப்போது அவள் இல்லாமல் ஒரு பின்னேரம் கழியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்குப் பொறாமை. போன் எடுத்தால், "இப்ப கதைக்க ஏலாது, சாப்பாடு குடுத்துக்கொண்டிருக்கிறன்" என்பாள்.

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டு கேக்கிறீங்க? உங்களுக்குத்தான்."

என்ன கறி என்று கேட்பார். அவள் சொல்லுவாள். அவருக்கு வாயூறும். இப்படி ஐந்து மாதம் போனது. கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்ததும், நடப்பது நடக்கட்டும் என்று வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு நடந்தார். கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போவதென்று நினைப்பு. ரயில் நிறைந்து வந்தது. பையைத் தடவினார், லேஞ்சி இல்லை. மிச்ச லேஞ்சிகள் எல்லாம் கொட்டாஞ்சேனை அலுமாரிக்குள் கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக, அறுபத்துநாலு வயதில், கிளெமென்ற் ரயிலில் நின்றார். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முதலில் முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்தார், பிறகு கம்பியைப் பிடித்தார்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு பெண் ஏறினாள், கையில் பாதிப் பலாப்பழம். மூன்று பேருக்கான சீற்றில் மூன்று பேர் நிறைந்து இருந்தார்கள். அவள் அவர்களுக்கு முன்னால் போய் நின்று, "கொஞ்சம் அங்கால தள்ளி இருங்க தம்பி" என்று சிங்களத்தில் சொன்னாள். அவ்வளவுதான். மூவரும் போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை, உடம்பை மட்டும் அசைத்தார்கள். இல்லாத இடம் உண்டானது, அவள் பலாப்பழத்தோடு இருந்தாள். கிளெமென்ற் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஆயிரம் தரம் காதில் விழுந்த வார்த்தைதான். ஆனால் இவ்வளவு காலமும் யன்னல் மூலையில் பேப்பருக்குப் பின்னால் இருந்தவருக்கு அது மற்றவர்கள் பாடு. சீற்றில் ஆவி இருப்பதைப் பற்றி ஆச்சரியப்படாத மனுசன், மூன்று பேர் நாலு பேரானதைக் கண்டு உடம்பு புல்லரித்து நின்றார். தானும் கேட்டுப் பார்ப்போம் என்று பக்கத்துச் சீற்றைப் பார்த்து வாயைத் திறந்தார். கொம்பனித்தெரு போனது, தலைமைச் செயலக ஸ்டேஷன் போனது, வார்த்தை வரவில்லை. கோட்டையில் நின்றபடியே இறங்கினார்.

வீட்டுக்குப் போனபோது மேசையில் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்தாயிற்று. தலைப்பக்கத்தில் ஒரு பீங்கான், பக்கத்தில் கொன்ஸ்ரன்ஸின் பீங்கான். அவள் அவரைக் கண்டதும் பூப்போட்ட கோப்பையை எடுக்க எழும்பினாள்.

"வேண்டாம்" என்றார் கிளெமென்ற்.

கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கஞ்சி போட்டு மினுக்கிய லேஞ்சி, நாலு மூலையும் நேராக விரித்தபடி கிடந்தது. அதைத் தொடவில்லை. வேட்பாளர் வோட்டுக் கேட்பதுபோல இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டார். கொன்ஸ்ரன்ஸ் அகப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. கொஞ்சம் தள்ளி இருக்கிறீங்களா? நானும் இருக்க."

முன்வீட்டில் ரேடியோ பாடியது. பிறகு கதிரையின் இடது கால் ஒரு தரம் கிறீச்சிட்டது. லேஞ்சி தானாக இடது பக்கம் நகர்ந்து, வலப்பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பலகை தெரிந்தது. கிளெமென்ற் அந்த நாலு விரலில் பக்குவமாகக் குந்தினார். கீழே முழங்கால் இல்லை, வெறும் பலகை. இடப்பக்கத்தில் ஒரு தொடையின் சூடு பட்டது. அது தன்னுடைய உடம்புச் சூடுதான் என்று அவருக்குத் தெரிந்தது. பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்றும் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு லேஞ்சிதான் இருந்தது, அதில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. கொன்ஸ்ரன்ஸ் குசினித் துவாயை நீட்டினாள்.

"இவ்வளவு காலமும் எங்க நிண்டனீங்க?" என்றாள். அவளுக்கும் குரல் உடைந்திருந்தது.

மூன்றாவது பீங்கான் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கோழிக்கு இரண்டு கால்தான். ஒன்றைத் தலைப்பக்கப் பீங்கானிலும் மற்றதைக் கிளெமென்றின் பீங்கானிலும் போட்டுவிட்டு, "எனக்குச் செட்டை காணும்" என்று சிறகுத் துண்டை எடுத்துக்கொண்டு தன் கதிரையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு கிளெமென்ற் வெள்ளவத்தைக்கு விருந்தாளியாகத்தான் போனார். கட்டிலிலும் கோயில் வாங்கிலும் அதே மாதிரி மரியாதையாகக் கேட்டார், அங்கேயும் நாலு நாலு விரல் கிடைத்தது. கொரோனா நேரம் வீட்டைப் பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், கதிரையில் இருக்கும் இருவருக்கும் இடையில் ஒரு மீற்றர் தூரம் வேண்டும் என்றார். கதிரையின் அகலமே ஒன்றரை அடி என்று கொன்ஸ்ரன்ஸ் காட்டியதும் அதை எழுதிக்கொண்டு போனார். தெருவில் இதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. அந்த வீட்டில் மூன்று பேர் என்றுதான் கடைக்காரருக்கும் பாண்காரருக்கும் கணக்கு. வருடத்துக்கு ஒரு விரல், அரை விரல் என்று கிளெமென்றும் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தார். போன நத்தார்ப் பண்டிகையன்று மத்தியானம், கோழிக்காலைக் கையில் பிடித்தபடி, அவர் மெல்ல இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்வதை கொன்ஸ்ரன்ஸ் கண்டுவிட்டாள். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, லேஞ்சியின் பக்கம் திரும்பினாள்.

"பாத்து இருங்கோ" என்றாள், "இந்த மனுசனுக்கு இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கும்."